வியாழக்கிழமை கிளினிக்

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்துச் சுவரில் மாட்டியிருந்த சுகாதாரப் படம் அன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள், இடுப்பில் சுற்றியிருந்த ரப்பர் படங்கை அவிழ்த்து அதன் மேல்தான் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் வெறும் ஆணிகள் வரிசையாக இருந்தன. முதலில் வருகிறவள் படத்தின் ஆணியில் மாட்டுவாள். அடுத்தவள் அதன் மேலேயே மாட்டுவாள். மழைநீரும் தேயிலைச் சாயமும் சொட்டும் ரப்பர் விரிப்புகளுக்குப் பின்னால், கன்னத்தில் ஓட்டை விழுந்து பல் வெளியே தெரியும் ஒரு வாய் மறைந்திருந்தது. கீழே பெரிய எழுத்தில், வெற்றிலை உங்களைக் கொல்லும்.

இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. பயமுறுத்தினால் கேட்பார்களா, நம்பிக்கை கொடுத்தால் கேட்பார்களா, பிள்ளையின் முகத்தைக் காட்டினால் கேட்பார்களா. பல்கலைக்கழகத்தில் அதைத்தான் படித்தேன். அதைத்தான் இப்போது கற்பிக்கிறேன். படங்கால் மூடுவார்கள் என்று எந்த நூலிலும் இருக்கவில்லை. இந்த மடுவத்தில் பார்த்து எழுதினேன். அது ஒரு கட்டுரையானது. அதைக் கொண்டு வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கும் போய்வந்தேன்.

இந்த முறை நான் அதற்காக வரவில்லை. தனுஷிகா தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். என் மனைவி சுலக்ஷனாவின் தங்கை.

"மச்சான், அம்மாவுக்கு வாயில வெள்ளையா படர்ந்திருக்கு. கொட்டாவி விட்டப்ப பார்த்தேன். தோட்டத்து டாக்டர் ஐயா சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு, வியாழக்கிழம டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி. அந்தச் சீட்ட அடுப்புல போட்டுட்டாங்க. நீங்க படிச்சதே இதத்தானே. வந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கும் வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமையே புறப்பட்டேன். நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோவில் மலைப்பாதை ஏறி, மடுவத்தில் மாமிக்காகக் காத்துநின்றேன். சுலக்ஷனா இறந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் இங்கே வருவது இது இரண்டாம் முறை.

மாமி ராக்காயி முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்தபடி வந்தாள். குளிருக்கு எல்லோரும் அப்படிப் பிடிப்பார்கள். அவள் பிடித்தது குளிருக்கல்ல.

"வந்துட்டீங்களா தம்பி. மழையில நின்னுக்கிட்டு."

அவளுக்குப் பின்னால் வந்த பேச்சியம்மா நெற்றியிலிருந்து கூடைக் கயிற்றை எடுத்துவிட்டுச் சிரித்தாள். மாமியின் வீட்டு வரிசைதான், ஒரே லயத்துக்காரி. ஒரே மலையில் மாமியோடு நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பவள்.

"வாத்தியாரு வந்துட்டாருடி. எல்லாரும் வாயத் தொறந்து வைங்க. எண்ணிப் பாத்து எழுதிக்கிட்டுப் போவாரு."

"நீங்க இன்னும் வெத்தல போடுறீங்களா?" என்றேன்.

"வெத்தல போடலேன்னா அட்டைக்கு யாரு பதில் சொல்றது? உங்க படமா?"

மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்கினால் அட்டை விரலிடுக்கு வரை ஏறும். வாயிலிருக்கும் புகையிலைச் சாற்றைத் துப்பினால் சுருண்டு விழுந்துவிடும். சோற்று நேரம் வரை பசியையும் அதுதான் தாங்கும். பேச்சியம்மா துப்பினாள். சிமெந்துத் தரையில் சிவப்பாக விழுந்ததை மழைத்தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது.

லயத்தில் மாமா செல்லசாமி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியை ஓரமாக வைத்தார்.

"வாங்க மாப்ள. இந்த அம்மாகிட்ட நான் பேசி ஓஞ்சுட்டேன். நீங்க பேசுங்க. உங்களுக்குச் சம்பளமே அதுக்குத்தானே குடுக்குறாங்க."

"நீங்களும் வாய காட்டணும் மாமா."

"மொதல்ல அவ காட்டட்டும். நான் அவ பின்னாலதான் போவேன். கலியாணம் கட்டுனதுலருந்து அப்படித்தான்."

தனுஷிகா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாமி தன் கோப்பையை ஆறவைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டாள். நான் பார்ப்பதைக் கண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

நான் பேசினேன். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் என்றேன். அவள் தலையாட்டினாள். கலியாணத்தைப் பார்க்க வேண்டாமா, பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டாமா என்றேன். அதற்கும் தலையாட்டினாள். படத்தில் இருப்பதைப் போல ஆகிவிடும் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"எல்லாம் சரிதாங்க தம்பி. கலியாணம் முடியட்டும்."

"கலியாணம் தையில மாமி."

"தையில முடியட்டும்."

"அதுக்குள்ள பெருசாயிரும்."

"பூண்டுலோயா மாப்பிள்ள வீட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சா? தாய்க்கு இந்த நோவு, அக்காளுக்கும் இந்த நோவு, அடுத்தது யாருன்னு கேக்க மாட்டாங்களா? நானா இருந்தா கேப்பேன்."

தனுஷிகா குசினி வாசலில் நின்றாள். "எனக்கு ஒண்ணும் இந்தக் கலியாணம்..." என்று தொடங்கினாள்.

"நீ போய் மாவப் பெசை," என்றாள் மாமி.

ஞாயிறு காலையில் மழை விட்டிருந்தது. பனி லயத்து வாசல்வரை வந்து நின்றது. மாமாவும் தனுஷிகாவும் நாற்காலி கேட்டு அடுத்த லயத்துக்குப் போயிருந்தார்கள். குசினியில் விறகு புகைந்தது. மாமி தேங்காய் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அம்மியில் மிளகாய் வைத்துக் கட்டச்சம்பல் அரைத்து வைத்திருந்தாள். அவள் அதை வாயில் வைத்து வெகுநாள் இருக்கும்.

நான் பலகையில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சுலக்ஷனாவும் இப்படித்தான் மாமி மறைச்சா. யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா இருந்திருப்பா."

மாவில் இருந்த கை நின்றது.

"யாருகிட்டயும் சொல்லலன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

அடுப்பில் கிடந்த ரொட்டி கருகத் தொடங்கியது. அவள் அதைத் திருப்பவில்லை.

"எங்கிட்ட சொன்னா தம்பி. அந்தத் தீவாளிக்கு வந்தப்ப. குளிச்சிட்டு வந்து, இந்தா இந்த எடத்துல நின்னு, எங் கைய எடுத்து மாருல வச்சுக் காட்டினா. ஒரு நெல்லிக்கா அளவு. நாந்தான் சொன்னேன், சூட்டுக் கட்டியா இருக்கும், வேப்பெண்ண போடுன்னு. மாப்பிள்ளகிட்ட இப்ப சொல்லாத, அவரு பெரிய பரீட்ச எழுதுறாரு, முடியட்டும்னேன். மஹரகமன்னு ஒரு பேச்சு வந்துட்டா அவ வாழ்க்க போயிருமேன்னு நெனச்சேன். சின்னவள யாரு கட்டுவான்னும் நெனச்சேன். பொறு, பொறுன்னு சொன்னேன். அவ பொறுத்தா."

மஹரகம என்றால் இங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரி. அந்த ஊரின் பெயரைச் சொன்னால் போதும். நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

"எனக்கு மட்டும் எதுக்கு தம்பி மருந்தும் ஊசியும்? அவளுக்கு வந்தது எனக்கும் வரட்டும். வந்துருச்சு. நல்லதுதான்."

நான் மக்களிடம் கொடுக்கும் கேள்வித்தாளில் உணர்ச்சிகளுக்கு வரிசையாகக் கட்டங்கள் உண்டு. பயம், அருவருப்பு, வெட்கம், கவலை, நம்பிக்கை. எது வந்ததோ அதில் புள்ளடி போட வேண்டும். இந்த நோய் எனக்கு வரவேண்டியதுதான் என்று நினைக்கிறவர்கள் புள்ளடி போட அதில் இடமில்லை.

எழுந்து வெளியே போனேன். இஸ்தோப்பில் நின்றேன். எதிர் மலையில் பனி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பீலிக்கரையில் யாரோ ஒரு பெண் பாத்திரம் விளக்கிக்கொண்டே பிள்ளையை ஏசினாள். அந்தத் தீபாவளிக்கு நானும் இங்கேதான் இருந்தேன். வீட்டின் முன் காம்பராவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் துவட்டியபடி என்னைக் கடந்து குசினிக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குளிர்தான் தெரிந்தது.

குசினிக்குத் திரும்பினேன். மாமி அதே இடத்தில் இருந்தாள். கருகிய ரொட்டி கல்லிலேயே கிடந்தது.

"ரொட்டி போடுங்க மாமி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பசிக்குது," என்றேன்.

புதிதாக ஒன்றைத் தட்டிச் சுட்டுத் தட்டில் வைத்தாள். "சம்பல் ஒறைக்கும் தம்பி," என்றாள்.

"பரவால்ல."

சாப்பிட்டேன். இன்னொன்று கேட்டேன். போட்டாள். அதையும் சாப்பிட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

"வியாழக்கிழம நானும் கூட வாரேன் மாமி," என்றேன்.

அவள் விறகை உள்ளே தள்ளினாள்.

பூண்டுலோயாக்காரர்கள் பகல் திரும்பிய பிறகு வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை கிஷாந்த் கொழும்பில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறவன். அவனுடைய அம்மா மெலிந்த, உயரமான பெண். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. பேச்சுக்கு ஒரு தாய்மாமன் வந்திருந்தார். முன் காம்பராவில் பாய் விரித்திருந்தது. பெண்டாட்டியை இழந்தவன் சபையில் உட்காருவது சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே இஸ்தோப்பில் நின்றுகொண்டேன். கதவு திறந்திருந்தது. எல்லாம் தெரிந்தது.

இந்தப் பக்கத்து லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றியதும் இரண்டு தாய்மாரும் அடுத்தவர் தட்டிலிருந்து வெற்றிலை எடுத்து, சுண்ணாம்பு தடவி, அங்கேயே எல்லோருக்கும் முன்னால் மெல்ல வேண்டும். வாய் சிவந்த பிறகுதான் கலியாண நாள் பேசுவார்கள். மென்று துப்பாத சம்பந்தம் சம்பந்தமல்ல. தனுஷிகா காலையிலேயே தாய்க்குச் சொல்லி வைத்திருந்தாள். சுண்ணாம்பு தடவுவது போலப் பாவனை செய், நல்ல கன்னத்தில் அடக்கிக்கொள், உடனே எழுந்து போய்த் துப்பிவிடு.

தட்டைத் தூக்கும் நேரம் வந்தது. மாமி தூக்கவில்லை.

"ஒரு பேச்சு சம்பந்தி," என்றாள். "நான் வெத்தல போட மாட்டேன்."

தாய்மாமன் சிரித்தார். "என்னங்க, இப்பவே சண்டையா?"

"சண்ட இல்லீங்க. வாயில புண்ணு. வெள்ளையா படர்ந்திருக்கு. டாக்டர் ஐயா சீட்டுக் குடுத்திருக்காரு. வியாழக்கிழம காட்டப் போறேன். அது கெட்ட நோவாவும் இருக்கலாம். எம் மூத்த புள்ளையும் கெட்ட நோவுலதான் போனா. காய்ச்சல்னு உங்களுக்குச் சொன்னது பொய்யி. இப்ப தட்ட மாத்துறதுன்னா மாத்துங்க."

ஜன்னலோரம் லயத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். பேச்சியம்மா முன்வரிசையில் நின்றாள். அவளுடைய தாடை அசைவது நின்றிருந்தது.

கிஷாந்தின் அம்மாதான் முதலில் கேட்டாள். "எத்தன நாளா?"

"மழைக்கு முந்தியே."

"எரியுதா?"

"மொளகா பட்டா உசுரு போகுது."

தாய்மாமன் எழுந்தார். "ஒரு நிமிசம் வெளியில பேசிக்கிறோம்." அவர்கள் என்னைத் தாண்டி இறங்கி, அடுத்த லயத்துக் கூரையோரம் ஒதுங்கி நின்றார்கள். தூறல் மறுபடி தொடங்கியிருந்தது. கிஷாந்த் ஏதோ சொன்னான். மாமன் கையை வீசி மறுத்தார். திரும்பி வந்தபோது கிஷாந்தின் அம்மா பாயில் உட்காரவில்லை.

"மறைக்காம சொன்னீங்க. அதுக்குக் கும்பிடுறேன்," என்றாள். "வியாழக்கிழம போய்ட்டு வாங்க. முடிவு வரட்டும். அதுவரைக்கும் தட்டு எங்ககிட்டயே இருக்கட்டும்."

தட்டை எடுத்துக்கொண்டார்கள். சோறு பரிமாறத் தயாராக இருந்தது. ஆட்டிறைச்சி வாசம் லயம் முழுக்க இருந்தது. நேரமாகிவிட்டது என்று தேத்தண்ணியை மட்டும் நின்றபடி குடித்தார்கள். வேன் வளைவில் மறைந்தது.

மாமா பாயைச் சுருட்டி மூலையில் எறிந்தார். "ஒரு நாளு பொறுத்திருக்கக் கூடாதா? தட்ட மாத்திட்டுப் பொறவு சொல்லியிருந்தா ஓடவா போறாங்க?"

"பொறுன்னு ஒருத்திக்குச் சொன்னேன்," என்றாள் மாமி. "போதும்."

மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மாமி என்னைப் பார்க்கவில்லை.

தனுஷிகா பீலியில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா மச்சான்?"

"இல்ல."

"இப்படிச் சபையில சொல்லணும்னு உங்க புத்தகத்துல இருக்கா?"

"இல்ல."

கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினாள். "பச்சச் சீலை எடுத்துட்டு வந்திருந்தாங்க," என்றாள். "எனக்குப் பச்ச புடிக்காது." பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறைச்சிச் சோற்றை லயத்துக்குப் பகிர்ந்து கொடுத்தோம்.

வியாழக்கிழமை காலையில், டாக்டர் ஐயாவிடம் வாங்கிய புதுச் சீட்டோடு மாமியும் நானும் பஸ் தரிப்பில் நின்றபோது பேச்சியம்மா வந்தாள். நல்ல சேலை. கையில் வெறும் துணிப்பை.

"வேலைக்குப் போகல?" என்று மாமி கேட்டாள்.

"டவுனுக்குப் போறேன். சன்னலுக்குத் தெரச்சீலத் துணி எடுக்கணும்."

"ஒனக்கு எங்கடி சன்னலு?"

"வைக்கப் போறேன்."

பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்காமல் வந்தாள். துணிக்கடை இருப்பது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். அவள் எங்களோடு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினாள். பஸ்ஸில் தலை சுற்றுகிறது, மிச்சத்தை நடந்து போகிறேன் என்றாள். அப்புறம், கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று பல் கிளினிக் வாசல் வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டர் இளம் பெண். தமிழ் கொஞ்சம்தான் வந்தது. "அம்மே, கட்ட அரின்ன," என்றாள். மாமிக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். வாயைத் திறந்தாள். டாக்டர் விளக்கைத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லி, அம்மா பயப்படாத மாதிரி எடுத்துச் சொல்லுங்கள் என்றாள்.

"புண்ணுலருந்து சின்னதா ஒரு துண்டு வெட்டி எடுப்பாங்க மாமி," என்றேன். "மரத்துப்போக ஊசி போடுவாங்க. ஊசி வலிக்கும். துண்ட சோதிச்சுப் பார்ப்பாங்க. என்னன்னு இப்ப சொல்ல முடியாது."

"எப்ப தெரியும்?"

"சில வாரம் ஆகும்."

"கெட்டதா இருந்தா?"

"மஹரகம."

அந்தப் பெயரை அவள் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் டாக்டரைப் பார்த்தாள். மேசையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

"நீங்க வருவீங்களா?"

"வருவேன்."

"அப்ப வெட்டச் சொல்லுங்க."

என்னை வெளியே அனுப்பினார்கள். பேச்சியம்மா வாங்கின் நடுவுக்கு வந்திருந்தாள்.

"உள்ள என்னா பண்றாங்க தம்பி?"

சொன்னேன்.

"வலிக்குமா?"

"வலிக்கும்."

"பொய் சொன்னா என்னா? இவ்வளவு படிச்சிருக்கீங்க."

முந்தானையை விரலில் சுற்றி அவிழ்த்தாள். இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது. இப்படி வாசல்வரை வந்து தயங்குகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மாணவர்களுக்கு ஒரு பாடமே நடத்துகிறேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"உங்களுக்கும் வாயில ஏதாவது இருந்தா, ஆரம்பத்துலயே காட்டினா..."

அவள் எழுந்துவிட்டாள். "எனக்கென்னா இருக்கு? ஒண்ணுமில்ல. கட மூடிருவான்." காலை பத்து மணிகூட ஆகவில்லை. துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

கதவு திறந்தது. மாமி வெளியே வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. பல்லுக்கிடையில் பஞ்சுத் துணி கடித்திருந்தாள். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், பேசவும் முடியாது. வாங்கைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். பேச்சியம்மா படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

மாமி என்னைத் தாண்டிப் போனாள். ஓடவில்லை. கொழுந்துக் கூடையோடு இறக்கத்தில் இறங்குகிற அதே நடை. படியடியில் போய்ப் பேச்சியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுடி. துணி எடுக்கணும்."

மாமி விடவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லங்கிறேன். விடு. ஆளுங்க பாக்குறாங்க."

மாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைவாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் கலந்து தாடையில் வழிந்தது. மறைக்கக் கை போகவில்லை. அந்தக் கைதான் பேச்சியம்மாவைப் பிடித்திருந்தது.

"ரத்தம் வருதுடி ஒனக்கு," என்றாள் பேச்சியம்மா. துணிப்பையைக் கீழே போட்டாள். நல்ல சேலையின் முந்தானையால் மாமியின் தாடையைத் துடைத்தாள். இரண்டு முறை துடைத்தாள். பிறகு கையை விடுவிக்கப் பார்க்கவில்லை.

இருவரும் படியேறி வந்தார்கள். நான் ஒதுங்கி வழி விட்டேன். வாசல் மேசையில் இருந்த தாதி தலை நிமிராமல் சிங்களத்தில் பெயர் கேட்டாள். பேச்சியம்மா வாய் திறக்கவில்லை. மாமி அவள் தோளில் ஒரு இடி இடித்தாள்.

"பேச்சியம்மா," என்று அவளே தன் பெயரைச் சொன்னாள்.